நகத்தில் விழுந்த குழிகள்

தாராவியில் கல்யாண வீடுகளுக்குப் போய் மெஹந்தி போடுவது என் தொழில். மணப்பெண்ணின் கையை இடது உள்ளங்கையில் தாங்கிக்கொண்டுதான் மருதாணிக் கோனைப் பிழிய வேண்டும். அதனால் என் நகங்களை எல்லோரும் பார்ப்பார்கள். முதலில் அவற்றில் ஊசியால் குத்தியதுபோலக் குழிகள் விழுந்தன. பிறகு நுனிகள் மஞ்சளாகிச் சதையைவிட்டுத் தூக்கிக்கொண்டன. மெடிக்கல் கடையில் கொடுத்த பூஞ்சைக் களிம்பை மாதக்கணக்கில் தடவியும் குறையவில்லை.

ஒரு வீட்டில் மணப்பெண்ணின் உம்மா பார்த்துவிட்டார்.

“என்னளா, நகம் இப்படி அழுகிக் கெடக்கு? எம்மவ கைய விடு மொதல்ல.”

போட்டுக்கொண்டிருந்த பூவைப் பாதியில் விட்டு எழுந்து வந்தேன். மாடி அறையிலிருந்து இரும்பு ஏணியில் இறங்கினேன். தொழுநோயாக இருக்குமோ என்ற நினைப்பு அன்றுதான் வந்தது. வீட்டில் என் தட்டைத் தனியே எடுத்து வைத்தேன். மடியில் ஏற வந்த மகளைத் தள்ளிவிட்டேன். கணவர் காரணம் கேட்டபோது தலைவலி என்றேன்.

பக்கத்துச் சுனாபட்டியிலிருந்து வந்த, எனக்கு மூத்தவளான ராத்தா தனித்தட்டைப் பார்த்ததும் அதட்டி விஷயத்தைக் கறந்துவிட்டாள். மறுநாளே மாட்டுங்காவில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள். “குஷ்டமா?” என்று கேட்டேன். அவர் நகத்தைச் சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். பின்மண்டையில் முடியை விலக்கிப் பார்த்தார். நான் பொடுகு என்று நினைத்திருந்த செதில்கள் அங்கே இருந்தன.

ரிப்போர்ட் வந்ததும் சொன்னார்: “குஷ்டமும் இல்லை, பூஞ்சையும் இல்லை. இது சோரியாசிஸ், மண்டையில செதிலாவும் நகத்துல குழியாவும் வந்திருக்கு. தொட்டா யாருக்கும் ஒட்டாது. கொழந்தையைத் தாராளமா தூக்கிக்கோங்கோ.”

அழுதுவிட்டேன். அவர் விடாமல் கேட்டார்: “காலம்பற எழுந்துக்கறச்சே விரலை மடக்க முடியறதா? வீக்கம் உண்டா?”

அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் நடுவிரல் அடிக்கடி வீங்கிக்கொண்டிருந்தது. கோனை அழுத்தி அழுத்தி வந்த வலி என்று இருந்துவிட்டேன்.

“சொல்லுளா, மறைக்காத,” என்றாள் ராத்தா.

சொன்னேன். சிலருக்கு இது மூட்டிலும் இறங்கும், கவனிக்காமல் விட்டால் விரல் கோணிப்போகலாம் என்றார் டாக்டர். விரல் போனால் என் பிழைப்பு என்ன? குஷ்டத்துக்குப் பயந்ததைவிட அதிகமாகப் பயந்தேன்.

நகம் முளைக்கும் இடத்தில் ஊசி போட்டார்; ராத்தாவின் தோளைக் கடித்துக்கொண்டேன். மாத்திரையும், அதற்காக அவ்வப்போது ரத்தப் பரிசோதனையும் உண்டு. நகத்தை ஒட்ட வெட்டுகிறேன், அடியில் குச்சி விட்டு நோண்டுவதில்லை. புது நகம் மெல்ல வழவழப்பாக ஏறி வருகிறது. வீக்கமும் வற்றியிருக்கிறது. ஆனாலும் காலையில் கண்ணைத் திறப்பதற்கு முன்பே, போர்வைக்குள் விரல்களை மடக்கிப் பார்த்துக்கொள்கிறேன்.