அம்மா வரைந்த என் முகம்

தினமும் ஒரு படம் வரைந்து குழுவில் போட வேண்டும், ஒரு மாதம் விடாமல். போனில் வந்த அந்தச் சவாலில் நான் சேர்ந்தது, கணவர் என்னை விட்டுப் போன பிறகு வந்த ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடத்தில் நன்றாக வரைவேன். கண்டெய்னர் யார்டில் பில் போடும் வேலைக்குப் போன பிறகு வரைவதற்கென்று பென்சிலைத் தொட்டதே இல்லை.

திருவொற்றியூரில் எங்களுக்கு ஒற்றை அறை வீடு. வேலை முடிந்து திரும்பினால் அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒரே ஆள் அம்மா. காசிமேட்டில் மீன் விற்றவள். ஏலத்தில் அவள் வாயைத் திறந்தால் ஆம்பளைகளே ஒதுங்குவார்கள். போன வருடம் அவளுக்கு இடது கையும் காலும் இழுத்துக்கொண்டன. வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. பேச்சு மட்டும் போகவில்லை.

அவளையே வரைந்தேன். முதல் படத்தைக் காட்டியதும் கேட்டாள்:

“இன்னாமே இது, பொணமா?”

“நீதாம்மா.”

“நானா? மூக்கு சப்பையா கீது. கலீஜ்.”

குழுவில் முகம் தெரியாதவர்கள் இதயம் போட்டார்கள், ‘உயிரோட்டம்’ என்று எழுதினார்கள். அவர்களுக்கு அந்தக் கோணல் வாய்தான் பிடித்திருந்தது. எனக்கும் அது புரிந்துவிட்டது. நாளாக நாளாக அதையே பெரிதாக வரைய ஆரம்பித்தேன்.

ஒருநாள் மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்று நாற்றத்தோடு அடித்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு இரண்டு பேரும் புழுங்கிக்கொண்டிருந்தோம். அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“இப்டித் திரும்பும்மா. வாய் தெரியல.”

“நல்ல பக்கத்த வரையேன்.”

“எனக்கு அந்தப் பக்கந்தான் வேணும்.”

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு வலது கையை நீட்டினாள். “குடு அத.”

பென்சிலைக் கொடுத்தேன். காகிதம் நழுவாமல் நான்தான் பிடித்துக்கொண்டேன். நாலைந்து கோடுகள்தான். சுருங்கிய புருவம், கீழே தொங்கும் உதடு, தோளுக்குள் புதைந்த கழுத்து. குழந்தை கிறுக்கியது போலத்தான் இருந்தது. ஆனால் அது நான். ஓடும் பஸ்ஸின் கண்ணாடியில் தற்செயலாகக் கண்ணில் பட்டு, யாரோ என்று நான் நினைத்துக்கொள்ளும் முகம்.

“வாய் எனக்கு மட்டும் கோணல,” என்றாள் அம்மா. “இந்த மூஞ்சியத்தான் ஒன் புருசன் தெனம் பாத்துகினு இருந்தான். எத்தினி நாளு பாப்பான்?”

பிறகு டீ கேட்டாள். போட்டுக் கொடுத்தேன்.

அன்று படம் போடவில்லை. மறுநாளும் போடவில்லை. ‘தோழி, பாதி தூரம் வந்துவிட்டீர்களே’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். குழுவிலிருந்து வெளியேறினேன்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். மறுவாரம் வேலை முடிந்து வந்தபோது, பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுத் தலை சீவி, பொட்டு வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் அம்மா. வரையச் சொல்லி அவள் கேட்க மாட்டாள். எதற்கென்று எனக்குத் தெரிந்தது. டிவியைப் போட்டுவிட்டு அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அடுத்த நாளும் அப்படியே. சில நாள் கழித்து அந்த அக்கா வருவது நின்றது.

முழு மாதமும் வரைந்திருந்தால் கை திருந்தியிருக்குமோ என்னவோ. பாதியில் விட்டதில் தெரிந்துகொண்டது வேறு. அம்மாவின் குணம் எனக்கு வரவில்லை என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அவளாவது பேசிக் குத்துவாள். எனக்கு வாயைத் திறக்கக்கூடத் தேவையில்லை.

போன மாதம் அந்த அக்கா தன் மகளோடு வந்து, “நீ படம் வரைவியாமே, இவள ஒண்ணு வரைஞ்சி குடேன்,” என்றாள்.

“எனக்கு வரையத் தெரியாதுக்கா.”

“பொய் சொல்றா,” என்றாள் அம்மா படுக்கையிலிருந்து. “என்னிய நல்லா வரைஞ்சா. அப்டியே நானு.”

அந்த அக்கா என்னைப் பார்த்தாள். நான் குக்கரைக் கழுவப் போனேன்.