சிவப்புச் சாயம் காட்டாதது

நிறஞ்சலா கொழும்பில் பார்த்த வேலையைத் தன் ஊரான ஓலைத்தொடுவாயில் ஒருவருக்கும் விளங்கப்படுத்த முடிந்ததில்லை. "இரும்பை வளைச்சுப்போட்டு, எங்க நோகுதெண்டு அதிட்டக் கேக்கிற வேலை" என்று அவள் கணவன் றெனால்ட் பகிடி விடுவான். அது பெரிய பிழையுமில்லை. ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில், வளைத்த உருக்கைக் குறுக்காக வெட்டி, கண்ணாடி போல மினுக்கி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, உள்ளே விழுந்த துளைகளை அளப்பாள். கம்பியை மடக்கும்போது வெளிவளைவு இழுபடுகிறது. அந்த இடத்தில் உருக்குக்குள் கிடக்கும் கடினமான பொடிகளைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத துளைகள் திறக்கின்றன. மேலும் மடக்கினால் அவை பெருத்து ஒன்றோடொன்று சேருகின்றன. மேற்பரப்பு அப்போதும் வழவழவென்றுதான் இருக்கும்.

தாய் எடித் பாரிசவாதத்தில் விழுந்ததும் வேலையை விட்டு ஊருக்கு வந்தாள். ஒருநாள் தாயின் முதுகடியில் உள்ளங்கை அளவு சிவப்பைக் கண்டாள். தோல் கிழியவில்லை. புரட்டிப் படுக்க வைத்தால் போய்விடும் என்றிருந்தாள். தோல் திறந்தபோது உள்ளே எலும்புவரை அழுகியிருந்தது. தாயை அடக்கம் செய்த பிறகும் அவள் கொழும்புக்குத் திரும்பவில்லை.

அண்ணன் றோய் கடற்கரை வீதியில் வெல்டிங் கடை வைத்திருந்தான். படகின் அணியத்தில், அதாவது முன்மூக்கில், பூட்டுகிற இழுவைக் கொக்கிகளை அவன்தான் செய்தான். வாடைக் காற்று தொடங்குமுன் அந்தக் கொக்கியில் கயிறு கட்டித்தான் உழவு இயந்திரம் படகைக் கரைக்கு இழுக்கும். அப்போது கயிறு விலகிப்போகாமல் பக்கத்தில் நடந்து பிடித்துக்கொள்வது றெனால்டின் வேலை.

றெனால்ட் தொழில் செய்த படகு சம்மாட்டி செபமாலையுடையது; படகு முதலாளியை அங்கே சம்மாட்டி என்பார்கள். தன் கொக்கியைச் சோதித்துத் தரும்படி அவர் கேட்டார். நிறஞ்சலாவிடம் சிவப்புச் சாயம் இருந்தது. அதைப் பூசி, துடைத்து, மேலே வெள்ளைத் தூள் தெளித்தால், வெடிப்பிருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு ஊறி வரும். கோடு வரவில்லை.

"வெளியில வெடிப்பில்லை, மாமா. உள்ளுக்கு எப்பிடியெண்டு இது சொல்லாது."

"வெடிப்பில்லையெண்டு நீ சொன்னாக் காணும், பிள்ளை."

அவள் சொன்னதில் முதல் பாதிதான் கரை முழுக்கப் பரவியது.

சில கிழமைக்குப் பிறகு றோயின் கடையில், பூச்சுக்காகக் கழற்றி வந்த ஒரு கொக்கியில் சுத்தியல் தழும்பைக் கண்டாள்.

"இதென்னண்ணை அடி?"

"இழுக்கேக்க வாய் விரியும். கழட்டிக்கொண்டு வருவாங்கள். நான் திரும்ப அடிச்சு மடக்கி, பூச்சடிச்சுக் குடுக்கிறன். ஒவ்வொரு வருஷமும் இதுதான்."

"சூடாக்கியோ?"

"சூடாக்கினா உரம் போயிடும். பச்சையாத்தான்."

அவள் வெளிவளைவை விரலால் தடவிப் பார்த்தாள்; வழவழவென்றிருந்தது. "ஒண்டைத் தாங்கோ. வெட்டிப் பாக்கவேணும்."

"உனக்கென்ன விசரே? எல்லாம் திருநாளுக்குப் பங்குச் சுவாமி தீர்த்தம் தெளிச்ச சாமான். உடைஞ்சால்கூடக் கடலிலதான் போடுறது. அறுக்க ஆர் தருவான்?"

ஆக, உடைந்த கொக்கி ஒன்றுகூடக் கரைக்குத் திரும்பி வந்ததில்லை. எப்படி உடைந்தது என்று ஒருவரும் பார்த்ததுமில்லை.

தங்களுக்கென்று இருந்த சின்னப் படகின் கொக்கியைத்தான் அவள் கழற்றினாள். அதுவும் றோய் பலமுறை மடக்கியது. "சோறு போடுற படகுக்கே கத்தி வைக்கிறாய்" என்று முணுமுணுத்த றெனால்டே, அறுக்கும்போது அதை இறுக்கிப் பிடித்தும் கொடுத்தான். துண்டு பஸ்ஸில் கொழும்புக்குப் போனது, அவளோடு வேலை பார்த்த நஸ்லியாவிடம்.

பதில் வந்தது, செபமாலையின் படகைக் கரையேற்றும் நாளில். முதலில் கைபேசிக்குப் படம். வெளிவளைவு கறையான் அரித்த பலகை போல இருந்தது. கறுப்புத் துளைகள் சேர்ந்து வாய் பிளந்திருந்தன. மேற்பரப்பில் மட்டும் மயிரிழை அளவு உருக்கு மிச்சம். பிறகு நஸ்லியாவின் குரல்: "இது எங்க இருந்த சாமான், நிறஞ்சலா? மத்ததுகளும் இப்பிடியெண்டா உடனே கழட்டச் சொல்லுங்க. மேலால ஒண்டும் தெரியாது, ஒரே இழுப்புல போகும்."

அவள் கடற்கரைக்குப் போனபோது கயிறு விறைத்து நின்றது. அதன் பக்கத்தில் றெனால்ட்.

"நௌபர் நானா, மிசினை நிப்பாட்டுங்கோ."

உழவு இயந்திரத்தை ஓட்டிய நௌபர் நிறுத்தினார். செபமாலை திரும்பினார். "காத்து எழும்புறது தெரியேல்லையோ? இப்ப ஏத்தாட்டி அலை படகைப் பிளந்துபோடும்."

"கொக்கியில வேண்டாம் மாமா. கயித்தைப் படகைச் சுத்திக் கட்டி இழுங்கோ."

"அதுக்கு நேரமில்லை. நீதானே நல்லதெண்டு சொன்னனி?"

"வெளியில நல்லதெண்டு சொன்னனான். எங்கட கொக்கியை அறுத்துப் பாத்தாச்சு, உள்ளுக்கு முழுக்கத் துளை."

"கேட்டியே றோய், உன்ரை தங்கச்சி இப்ப உள்ளெண்டும் வெளியெண்டும் பாடம் நடத்துறா."

றோய் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "இன்னும் ஒரே ஒரு இழுப்புத்தானே" என்றான்.

அவள் வாதாடி நேரத்தை வீணாக்கவில்லை. "நானா, இழுக்கிறதெண்டா நல்லாக் குனிஞ்சிருங்கோ" என்று சொல்லிவிட்டு, றெனால்டின் சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்தாள்.

"விடப்பா, கயிறு விலகப்போகுது."

"விலகட்டும். நீங்கள் வாங்கோ."

செபமாலை கையைக் காட்டினார். நௌபர் ஒருகணம் அவளைப் பார்த்தார், குனிந்தார், இழுத்தார்.

எச்சரிக்கையாக ஒரு முனகல்கூட வரவில்லை. வெடிச்சத்தம் போல ஒன்று கேட்டது. படகு பின்னால் சரிந்து அலைக்குள் போனது. கயிறு றெனால்ட் சற்றுமுன் நின்ற இடத்தைச் சீவிக்கொண்டு பறந்தது. அதன் நுனியிலிருந்த கொக்கித் துண்டு உழவு இயந்திரத்தின் மட்கார்டைத் துளைத்து நின்றது. நௌபர் நிமிரவேயில்லை. றெனால்ட் ஓடிப்போய்த் தொட்டபோதுதான் தலையைத் தூக்கினார். காயமில்லை.

றோய் துண்டைப் பிடுங்கியெடுத்தான். உடைந்த முகத்தில் பழைய கறள், துரு, ஒரு பொட்டுமில்லை; வெடிப்பு முன்பு வெளியே திறந்திருக்கவேயில்லை. முழுக்கப் புதுச் சாம்பல் நிறம்.

"இங்க தா, கடலில போடுவம்" என்று செபமாலை கையை நீட்டினார்.

நிறஞ்சலா அதைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். "மற்றதெல்லாம் ஆரிட்ட இருக்கு, அண்ணை?"

"அரிப்பு ஊரில குடுத்தனான். பேசாலையில. இந்தக் கரையில கிட்டத்தட்ட எல்லாருக்கும்."

கரையின் மற்றப் பக்கத்தில் இன்னொரு உழவு இயந்திரம் உறுமத் தொடங்கியது. அங்கே ஆட்கள் கயிற்றைச் சுற்றி நின்றார்கள்.

"அந்தக் கொக்கியும் என்ரை கையால மடக்கினதுதான்" என்றான் றோய்.

உடைந்த துண்டைப் பிடித்தபடி நிறஞ்சலா ஓடினாள். காற்று எதிரே அடித்தது. அவள் கூப்பிட்டது அங்கே போய்ச் சேரவில்லை. மணலில் கிடந்த கயிறு மெல்ல எழும்பி இறுகிக்கொண்டிருந்தது.