நாராயணம்மா கழித்த பதினொன்று

நாராயணம்மாவுக்கு அறிவியல் ஏறாது என்று எங்கள் கம்பெனியில் யாராவது சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். சொல்லிக்கொடுத்தவள் நான். பழி சொல்வதென்றால் என்னிடம் வரட்டும்.

ஓசூர் பக்கம் போல்ட் செய்கிற கம்பெனி எங்களுடையது. அவள் ஸ்டோரில், நான் தரப் பரிசோதனையில். குடியிருப்பதும் அடுத்தடுத்த வீட்டில்தான். கெலவரப்பள்ளி அணைக்குப் பக்கத்து ஊர்க்காரி, ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளை வாஷிங்கில் போட்டார்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு வரும் உருப்படிகளை மருந்துத் தொட்டியில் முக்கிக் கழுவுகிற இடம் அது. அந்த நெடியில் நான்கு வருடம் நின்றாள். இருமல் நெஞ்சில் தங்கிவிட்டது. பெங்களூரு வரை போய் வைத்தியம் பார்த்து, மனுவுக்கு மேல் மனு கொடுத்த பிறகுதான் ஸ்டோருக்கு மாற்றினார்கள்.

ஸ்டோரில் போல்ட்டை யாரும் கையால் எண்ணுவதில்லை. ட்ரேயோடு தராசில் வைத்து, மொத்த எடையில் ட்ரேயின் காலி எடையைக் கழித்து, மிச்சத்தை ஒரு போல்ட்டின் எடையால் வகுத்தால் எண்ணிக்கை வந்துவிடும். ஆரம்பத்தில் ஒருமுறை உள்ளே விரித்திருந்த பிளாஸ்டிக் கவரைக் கழிக்க மறந்துவிட்டாள். ஒரு லோடு முழுக்க எண்ணிக்கை தப்பாகி, சூப்பர்வைசர் தங்கதுரை எல்லார் முன்னாலும் கத்தித் தீர்த்தார். அன்றிலிருந்து கவர், அட்டை, கட்டுகிற கயிறு வரைக்கும் எடை பார்த்துக் கழித்த பிறகுதான் சீட்டு எழுதுவாள். வாய்க்குள் தெலுங்கில் முணுமுணுத்தபடி போடுகிற கணக்கு. அவள் சீட்டை யாரும் திரும்பச் சரிபார்க்க மாட்டார்கள்.

போன வருடம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டினார்கள். ஸ்டோரில் இனி பத்தாவது தேறியவர்கள் மட்டும்தான், ஆகஸ்டுக்குள் சான்றிதழ் கொடுக்காதவர்கள் வாஷிங்குக்குப் போக வேண்டும் என்று. நாராயணம்மா தனித்தேர்வராக எழுதினாள். நான்கு பாடம் தேறிவிட்டது. அறிவியலில் இருபத்தொன்பது. மிச்சம் இருந்தது ஜூலைத் துணைத்தேர்வு ஒன்றுதான்.

"மறுபடி அந்தத் தொட்டிகிட்ட போனா நான் தாங்கமாட்டேன்க்கா" என்றாள். அவள் இருமுவதைச் சுவருக்கு இந்தப்பக்கம் கேட்டவள் நான். எனக்குத் தெரியாதா?

பிளஸ் டூவில் அறிவியல் படித்த மிதப்பில் நானே சொல்லித்தருகிறேன் என்றேன். அணு எண், நிறை எண் என்றதும் முழித்தாள். இரண்டு நாள் முழித்தாள். மூன்றாம் நாள் எனக்கு ஒரு யோசனை தோன்றியது.

"அணுவ ஒரு ட்ரேன்னு வச்சிக்கோ. நிறை எண்தான் மொத்த எடை. அதுல புரோட்டானக் கழிச்சிட்டா மிச்சம் நியூட்ரான்."

அவள் முகம் தெளிந்துவிட்டது. "இவ்ளோதானாக்கா?" என்று கேட்டுவிட்டு, வரிசையாக ஏழெட்டு அணுவுக்குப் போட்டுக் காட்டினாள். ஒன்றுகூடத் தப்பில்லை. எலக்ட்ரான் எத்தனை என்று கேட்டால் புரோட்டான் எத்தனையோ அத்தனை என்று எழுதிவிடு என்றேன், அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். மறுநாள் கேன்டீனில் என் சாமர்த்தியத்தைப் பற்றி நானே பீற்றிக்கொண்டேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

தேர்வு முடிந்து நேராக என் வீட்டுக்குத்தான் வந்தாள்.

"ட்ரே கணக்கு வந்துச்சிக்கா. சோடியமும் குளோரினும் குடுத்து மூணையும் கேட்டிருந்தாங்க. சோடியத்துக்கு இருபத்திமூணு. அதுல புரோட்டான் பதினொன்னு போச்சி, எலக்ட்ரான் பதினொன்னு போச்சி, நியூட்ரான் ஒன்னு. குளோரினுக்கு முப்பத்தஞ்சில ரெண்டு பதினேழு போச்சி, அதுலயும் ஒன்னு. ரெண்டும் ஒரே மாதிரி வந்ததும் சரிதான்னு தெரிஞ்சிபோச்சி."

எலக்ட்ரானும் உள்ளே இருக்கிற உருப்படிதானே என்று கழித்திருக்கிறாள். அதன் எடை ஒன்றுமில்லாத மாதிரி, நிறை எண்ணில் அதைச் சேர்ப்பதே இல்லை என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பயிற்சியில் மூன்றையும் சேர்த்துக் கேட்கவும் இல்லை. பன்னிரண்டும் பதினெட்டும் அல்லவா வந்திருக்க வேண்டும்?

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மற்ற கேள்விகள் அவளைத் தூக்கிவிடும் என்று நம்பிக்கொண்டு ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவளோ அண்ணன் தோட்டத்துத் தக்காளியை ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கி வைத்துக்கொண்டேன், வெட்கமில்லாமல்.

முப்பத்து மூன்று வந்தது. முப்பத்தைந்து வேண்டும். அந்த இரண்டு நியூட்ரானுக்கும் சேர்த்து இரண்டு மதிப்பெண்.

திங்கட்கிழமை அவளை வாஷிங்கில் போட்டார்கள். வெள்ளிக்கிழமை கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கை விரல்களில் தோல் வெளுத்திருந்தது. இருமல் திரும்பியிருந்தது. அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"பதினோரு உருப்படி உள்ள இருக்குது. எடை இல்லன்னா எப்பிடிக்கா?"

"இருக்குது. ஆனா ரொம்ப ரொம்பக் கம்மி. கணக்குல எடுக்கமாட்டாங்க."

"ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நீ பரீட்ச எழுதிட்டு வந்த அன்னிக்கே."

தலையை ஆட்டிக்கொண்டாள். திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். எங்கள் நிறுத்தம் வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் வருத்தப்படக் கூடாதே என்பதுபோல மெதுவாகத்தான் சொன்னாள்.

"மறுபடி எழுதறேன்க்கா. இந்தத் தடவ வேற யாருகிட்டயாச்சும் கத்துக்கறேன்."