கம்ப்யூட்டருக்குள் ஓர் அரம்

2005-ஆம் ஆண்டு மழைக்காலம். கொச்சி நகரத்தின் மட்டாஞ்சேரி கொச்சங்காடியில், அரிசிக் கிடங்குகளுக்கு நடுவே ஒரு சின்ன இன்டர்நெட் கடை வைத்திருந்தேன். கடையில் நான்கு கம்ப்யூட்டர்கள். எல்லாவற்றிலும் ஒரு பெரிய நிறுவனத்தின் மென்பொருள்தான். அதுவும் திருட்டு நகல். திருட்டு நகலைப் பிடிக்கக் கடைகளில் சோதனை நடக்கிறது என்று பேச்சு கிளம்பியது. காசு கொடுத்து வாங்க வழியில்லை. கடையை மூடிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

களமசேரி பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் மெயில் பார்க்க வருவாள். அவளிடம் புலம்பியபோது ஒரு சி.டி. தந்தாள். இது லினக்ஸ், அந்த மென்பொருளுக்குப் பதிலாக யாரும் காசில்லாமல் போட்டுக்கொள்ளலாம், மற்றவர்களுக்கும் கொடுக்கலாம், பிடிக்காவிட்டால் சி.டி.யை எடுத்தால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றாள்.

மதியம் ஆளில்லாத நேரத்தில் போட்டுப் பார்த்தேன். எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. அதில் தமிழும் இருந்தது! வீட்டில் நாங்கள் பேசுவது தமிழ்தான் என்றாலும், நான் படித்ததெல்லாம் மலையாளத்தில். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆவல் தாங்காமல் தமிழையே தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு மெனுவாகத் திறந்து பார்த்துக்கொண்டே போனேன். ஓரிடத்தில் 'அரத்தைச் சேமி' என்றிருந்தது. ஒன்றும் புரியவில்லை.

கணவர் தொழிற்சாலையில் ஃபிட்டர். சாயங்காலம் கடைக்கு வந்தவரிடம் காட்டினேன்.

"அரம் என் டூல் பாக்ஸிலல்லோ கிடக்கு. இதுக்குள்ள யாரு கொண்டு வெச்சா?" என்று சிரித்தார்.

அப்புறம்தான் விளங்கியது. ஆங்கிலத்தில் 'ஃபைல்' என்றால் கோப்பும்தான், இரும்பை ராவுகிற அரமும்தான். மொழிபெயர்த்தவர் குழம்பியிருக்கிறார்.

உதவிப் பக்கத்தில் இருந்த முகவரிக்குத் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் எழுதினேன். மறுநாளே பதில் வந்தது. முகம் தெரியாத யாரோ ஒரு தமிழர் நன்றி சொல்லி, நீங்களே திருத்தி அனுப்புங்களேன் என்று வழியும் விளக்கியிருந்தார். தமிழில் ஒரு கடிதம்கூட எழுதாதவள் நான். ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, 'கோப்பை சேமி' என்று அடித்து அனுப்பினேன்.

"ஒரு 'ச்' சேர்த்திருக்கிறேன். இல்லாவிட்டால் டீ குடிக்கிற கோப்பையைச் சேமிக்கச் சொல்வதுபோல் ஆகிவிடும்" என்று பதில் வந்தது. தனியே உட்கார்ந்து சிரித்தேன்.

நான்கு கம்ப்யூட்டரையும் லினக்ஸுக்கு மாற்றப்போகிறேன் என்றதும் கணவர் தயங்கினார். "ஆள் வரலேன்னா என்ன செய்வே?"

"இங்க தப்புன்னு சொன்னா கேக்கறதுக்கு ஒரு ஆள் உண்டு. அது போதும் எனக்கு" என்றேன்.

புதிய திரையைப் பார்த்துச் சிலர் வேறு கடைக்குப் போனார்கள். மற்றவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். கடையை மூட வேண்டி வரவில்லை. சில மாதம் கழித்துப் புதிய பதிப்பு வந்தது. முதல் வேலையாக அந்த மெனுவைத் திறந்தேன். 'கோப்பைச் சேமி' என்றிருந்தது.

யாரோ செய்து தருவதை வாங்கிப் பயன்படுத்துவது மட்டுமே நம் வேலை என்று அதுவரை நினைத்திருந்தேன். இன்றைக்கும் எங்கே ஒரு பிழையைக் கண்டாலும், இதை நானே திருத்த முடியுமா என்றுதான் முதலில் பார்க்கத் தோன்றுகிறது.