படகுத்துறையில் கடைசி நாற்காலி

கயிற்று நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்தால் தொடையின் பின்பக்கம் கட்டம் கட்டமாக அச்சு விழும். அந்த எரிச்சல்தான் எனக்கு மாலத்தீவு.

இங்கே அமெரிக்காவின் டப்ளினில் மாலத்தீவு என்றால் எல்லோருக்கும் கடல்மேல் கட்டிய ஹோட்டல் அறை. ஹனிமூனுக்கு டிக்கெட் போட்டிருக்கும் ஆபீஸ் டீம் தோழி ஒருத்தி, "அங்க நிஜமாவே ஆளுங்க வாழறாங்களா?" என்று கேட்டாள்.

வாழ்கிறார்கள். நான்கு வயதிலிருந்து பதினொன்று வரை நானும் வாழ்ந்தேன்... அந்த அறைகளைப் பெருக்கித் துடைக்கப் போகிறவர்களின் தீவில்.

வாப்பா காயல்பட்டினத்திலிருந்து அங்கே போன சமூக அறிவியல் ஆசிரியர். சின்னத் தீவு. ஒரே பள்ளிக்கூடம், ஒரே படகுத்துறை, ஜெட்டி என்போம். ஜெட்டியை ஒட்டி, மரநிழலில், இரும்புக் குழாயில் கயிறு பின்னிய நாற்காலிகள் வரிசையாக நிற்கும். ஊருக்கே பொது. மாலையில் அஸர் தொழுதுவிட்டு ஆண்கள் அதில் வந்து சாய்வார்கள். மாசிக் கருவாடு காயும் வாடை, டீசல் வாடை, ஓயாத பேச்சு.

கடைசி நாற்காலி வாப்பாவுடையது. யாரும் கொடுக்கவில்லை, பழக்கத்தில் அப்படி ஆகிவிட்டது. பக்கத்து நாற்காலி அலிபேயுடையது. மீன்பிடித் தோணி வைத்திருந்தவர். நாங்கள் குடியிருந்த வீடும் அவருடையதுதான். வேறு யாராவது கடைசியில் போய் உட்கார்ந்தால், "அது சாரோடது" என்று எழுப்பிவிடுவார்.

அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு அந்த நாட்டின் கதையைச் சொல்லித் தருவதுதான் வாப்பாவின் வேலை. பிரிட்டிஷ்காரர்களின் பாதுகாப்பு முடிந்து விடுதலை வந்தது, சில ஆண்டுகளில் சுல்தானே வேண்டாம் என்று மக்கள் வாக்களித்துக் குடியரசானது... அதுவரை பாடம் உற்சாகமாகப் போகும். பிறகு முப்பது ஆண்டுகள் ஒரே அதிபர். அதை வாப்பா வீட்டில்தான் முழுதாகச் சொல்வார்.

"ஓட்டுச் சீட்டுல ஒரே ஒரு பேரு. சரியா, வேண்டாமா, அவ்வளவுதான். நானும் பரீட்சைக்கு இப்படிக் கேள்வி வச்சா நம்ம மவ நூத்துக்கு நூறு."

"வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருங்க," என்பார் உம்மா. "விசா அவங்க கையில இருக்கு."

அப்புறம் அந்தத் தேர்தல் வந்தது. முதல்முறையாகப் பல கட்சி, பல பெயர். அன்றைய சந்தோஷம் பொய் இல்லை. நான் பார்த்தேன். வயதானவர்கள்கூட ஒரு பெயரைத் தெருவில் நின்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தார்கள்... குரல் வெளியே வருகிறதா என்று சோதிப்பதைப்போல.

பிறகு வீட்டுச் சுவர்கள் கட்சி நிறத்துக்கு மாறின. அண்ணன் வீடு ஒரு நிறம், ஒட்டினாற்போல் தங்கை வீடு இன்னொரு நிறம். ஒரு மையித்தை அடக்கம் செய்ய ஊரில் பாதிப் பேர் வரவில்லை.

ஒருநாள் அந்த நாற்காலி வரிசையும் உடைந்தது. ஜெட்டிக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. இரண்டிலும் கொடி. கடைசி நாற்காலியை அலிபே தன் கட்சிப் பக்கம் தூக்கிக்கொண்டு போயிருந்தார்.

வாப்பா தொழுதுவிட்டு வந்தார். வழக்கமான இடத்தைப் பார்த்தார். நாற்காலி எங்கே என்று தேடினார். அது இருந்த இடத்துக்கு நடந்துபோய் உட்கார்ந்து தேநீர் குடித்தார்.

செய்தது அவ்வளவுதான்.

அந்த வாரமே டியூஷனுக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். மளிகைக்கடையில் உம்மாவுக்குக் கடைசியாகத்தான் சாமான் கட்டினார்கள். பள்ளி ஆண்டு முடியும்போது வாப்பாவின் கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படவில்லை.

பள்ளிக்கூடம் எதிர்ப்பக்கத்தார் கையில்; ஆனால் நாட்டில் ஜெயித்தது அலிபேயின் கட்சி. "அவரு ஒரு வார்த்த சொன்னாப் போதும்," என்று உம்மா வாப்பாவை அனுப்பிவைத்தார். போனவர் சீக்கிரமே திரும்பிவிட்டார்.

"என்ன சொன்னாரு?"

"நாங்க இன்னைக்குச் சண்ட போடுவோம், நாளைக்குச் சேந்துக்குவோம். நீங்க வெளிநாட்டு ஆளு சார், அங்க வந்து உட்காந்திருக்கக் கூடாதுன்றாரு."

"நாற்காலியத் தூக்கிட்டுப் போனது யாரு?"

வாப்பா எழுந்துபோனார். பெட்டிக்குக் கயிறு தேடினார்.

நாங்கள் கிளம்பிய காலை, தோணியிலிருந்து ஜெட்டியைப் பார்த்தேன். கடைசி நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அலிபே. எழுப்பிவிடவில்லை.

அவ்வளவு பாடுபட்டுத் தேர்ந்தெடுத்த அந்த அதிபர் பதவிக்காலத்தை முடிக்கவில்லை. கட்சிகள் உடைந்தன, ஒட்டின. சில வருடங்கள் முன்பு ஃபேஸ்புக்கில் அந்தத் தீவின் படம் ஒன்று கண்ணில் பட்டது. நாற்காலிகள் மறுபடி ஒரே வரிசையில். முடியெல்லாம் நரைத்த அலிபே, அன்றைய எதிர்க்கட்சி ஆளோடு தோள் உரசிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவர் சொன்னது சரிதான். சேர்ந்துகொண்டார்கள்.

இப்போது உம்மாவும் வாப்பாவும் என்னிடம் வந்திருக்கிறார்கள். போன பெருநாளுக்கு இங்கே பார்க்கில், ஆளுக்கொரு சாப்பாடு கொண்டுவரும் பாட்லக். நம் தமிழ்க் குடும்பங்கள்தான். போன அமெரிக்கத் தேர்தல் பேச்சில் ஆரம்பித்த சண்டையில் வாட்ஸப் குரூப் இரண்டாகி, பிரியாணித் தட்டுகளும் இரண்டு டேபிளுக்குப் போயிருந்தன. குடியுரிமை வாங்கி ஓட்டுப் போட்டவர்கள் உரக்கப் பேசினார்கள். H1B வேலை விசாவில் இருக்கும் என்னைப் போன்றவர்கள் ரைத்தா பரிமாறினோம்.

வாப்பா தட்டோடு ஒரு மரத்தடியில் நின்றிருந்தார். "அங்கிள், இங்க இடம் இருக்கு, வந்து உட்காருங்க," என்று ஒரு டேபிளிலிருந்து கூப்பிட்டார்கள்.

அவர் என் பக்கம் குனிந்தார். "இது யாரு பெஞ்சு?"

"பார்க் பெஞ்சு வாப்பா. எல்லாருக்கும் பொது."

"அதுவும் பொதுவாத்தாம்மா இருந்துச்சு," என்றார். நின்றபடியே சாப்பிட்டு முடித்தார்.

சிரித்திருப்பேன். ஆனால் என் விசா எக்ஸ்டென்ஷன் இன்னும் வரவில்லை...

நானும் உட்காரவில்லை.