பெல்ட்டுக்குத் தடவிய நல்லெண்ணெய்

பழமலை என்று ஊர்ப் பெயரிலேயே மலை இருக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு குன்றுகூடக் கிடையாது. பீங்கானுக்குக் களிமண் அரைக்கும் விருத்தாசலத்தில் கல் அரைக்கக் கிரஷர் போட்டவன் நான். பாறாங்கல்லைப் பெரம்பலூர்ப் பக்கமிருந்து லாரியில் இறக்கி, ஜல்லியாக உடைத்து விற்பேன். எழுபதுகளின் நடுவில் ஊரில் பாதிப் பேர் என்னைப் பைத்தியம் என்றார்கள், மீதிப் பேர் ஜல்லி கேட்டார்கள்.

அந்த வருஷம் ஐப்பசி நெருங்கும்போது பெண்ணாடம் பக்கம் என் தங்கையின் வீடு கூரையில்லாமல் நின்றது. மண் சாந்தில் எழுப்பிய செங்கல் சுவர். தளம் போடுமுன் மழை பிடித்துக்கொண்டால் சுவர் ஊறிச் சரிந்துவிடும். விஜயதசமியன்று ஜல்லி போய்ச் சேர்ந்தால் மறுநாள் கொத்தனார் தளம் போடுவார். தவறினால் வேறு ஊர் வேலைக்குக் கிளம்பிவிடுவார். பயத்தில் விஜயதசமி காலையிலேயே தங்கை பஸ் ஏறி வந்துவிட்டாள்.

“வானம் கறுத்துக்கிட்டு வருதுண்ணே” என்று கிரஷருக்கு எதிரே கல்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

என்ஜினைக் கிளப்பினோம். என்ஜின் உறுமியது, அதையும் கிரஷரையும் இணைக்கும் பெல்ட் வழுக்கியது, கல்லைக் கடிக்கும் தாடை மட்டும் அசையவில்லை. நிறுத்திவிட்டுப் பெல்ட்டைத் தொட்டேன். கையெல்லாம் எண்ணெய்.

“யோவ், என்னய்யா இது?”

என்ஜின் டிரைவர் சாவகாசமாகச் சொன்னார்: “நேத்து ஆயுத பூசைங்களே. எல்லாத்தையும் கழுவி எண்ண வச்சேன். பெல்ட்டு மட்டும் காஞ்சு கெடந்துச்சு. பாவமா இருந்துச்சுங்க.”

பாவமாம்! விளக்குக்கு வாங்கிக் கொடுத்த நல்லெண்ணெயை, வழுக்கவே கூடாத ஒரே பொருளுக்குத் தேய்த்துவிட்டிருக்கிறார். போதாக்குறைக்குச் சந்தனம், குங்குமம் வேறு. எனக்கு வந்த கோபத்தில் கல்லை நானே கடித்து உடைத்திருப்பேன்.

துணியால் துடைத்தோம். சாம்பல் தூவினோம். செங்கல் பொடி போட்டோம். ஒன்றுக்கும் மசியவில்லை. குங்கிலியப் பிசினைப் பொடித்துப் போட்டால் பெல்ட்டுக்குப் பிடி கிடைக்கும். கடைத்தெருவுக்கு ஆள் அனுப்பினால் வழக்கமாக வாங்கும் கடை பூட்டிக் கிடந்தது. நான் கத்திக்கொண்டே இருந்தேன். தங்கை வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிரைவர் தலையைச் சொறிந்தார். “குங்கிலியம் இருக்குதுங்க. தூபம் போட்டது போவ மீதி. ஆனா சாமிக்குன்னு வாங்குனது...”

“இதை இப்பதான் சொல்றியா?” என்று நான் பாய்வதற்குள் தங்கை எழுந்துவிட்டாள்.

“குடுங்க. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது. நான் கேட்டன்னு சொல்லுங்க.”

அவளே பொட்டலத்தைப் பிரித்துப் பொடியைக் கொடுக்க, டிரைவர் பெல்ட் முழுக்கத் தேய்த்தார். மறுபடி கிளப்பியதும் பெல்ட் முனகியது, சூடேறியது, பிடித்துக்கொண்டது. முதல் கல் நொறுங்கியது. புழுதியோடு கோயில் வாசனை அடித்தது. பொழுது சாய்வதற்குள் லாரி கிளம்பிவிட்டது.

மறுநாள் சொன்னபடி தளம் போட்டார்கள். அந்த வாரமே மழை கொட்டியது. நானும் டிரைவரும் அடித்துப்பிடித்துக்கொண்டு போனோம். தளத்துக்குக் கொடுத்த முட்டுக்கம்புகளுக்கு நடுவே நின்றிருந்த தங்கை, என் கையைப் பிடித்துச் சுவரில் வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

“தொட்டுப் பாருண்ணே. எல்லாம் டிரைவரண்ணன் போட்ட பூசையோட பலன்தான்.”

டிரைவர் அடக்கமாகத் தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தேன். உள்ளங்கையின் கீழே சுவர் காய்ந்திருந்தது. மூடிக்கொண்டேன்.