எந்த ஊர் ஆக்கள்?

எங்கள் விளையாட்டு மன்றத்தைக் கட்டியவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து மலேசியாவின் பினாங்குத் தீவுக்கு வந்த குமாஸ்தாக்கள். ரயில்வே, தபால் நிலையம், ஆஸ்பத்திரி என்று நாளெல்லாம் வெள்ளைக்காரனுக்குக் கணக்கெழுதிவிட்டு, மாலையில் வெள்ளைக் காலுறை மாட்டிக்கொண்டு டென்னிஸ் ஆடுவார்களாம். டென்னிஸ் மைதானம் இப்போது கார் நிறுத்துமிடம். மிச்சம் ஒரு பூப்பந்துக் கூடம், ஒரு கேரம் அறை, அலமாரிக் கோப்பைகளோடு கோப்பைகளாக நாலைந்து கிழங்கள், என்னையும் சேர்த்து. எங்கள் பிள்ளைகளெல்லாம் மெல்பர்னிலும் லண்டனிலும் இருக்கிறார்கள்.

வருகிறவர்களுக்கு இந்தச் சரித்திரத்தைச் சொல்வது என் வேலை. "நம்ம சட்டத்துல இன்னார்தான் சேரலாம்னு ஒரு வரிகூட இல்ல" என்று பெருமையடித்துக்கொள்வேன். பொய்யில்லை. எழுதிவைக்க அவசியம் இருக்கவில்லை, அவ்வளவுதான். புதிதாக யார் வந்தாலும் பெரியவர்கள் சிரித்த முகத்தோடு "எந்த ஊர் ஆக்கள்?" என்று யாழ்ப்பாணப் பேச்சில் கேட்பார்கள். அங்குள்ள கிராமம் ஒன்றின் பெயரைச் சொன்னால் நாற்காலி வரும், தேநீர் வரும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் விவரம் புரியாமல் இந்தத் தீவிலேயே உள்ள பாலிக் புலாவ் என்பார்கள், ஏதாவது எஸ்டேட் பெயரைச் சொல்வார்கள். அவர்களுக்கும் தேநீர் வரும். மறுபடி அழைப்பு மட்டும் வராது.

சென்ற வருஷம் பூப்பந்து வகுப்பு ஒன்று தொடங்கினோம். பிள்ளைகள் சேராவிட்டால் கூடத்தை வாடகைக்கு விட்டுவிடுவது என்று பேச்சு. எல்லாத் தமிழ்ப் பிள்ளைகளும் வரட்டும் என்று கமிட்டியில் தொண்டை வறளச் சண்டை போட்டவள் நான்தான். முதல் நாள் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தவளும் நான்தான்.

தொழிற்சாலைச் சீருடையில் ஒரு பெண் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். சிறுமியின் தோளில் முழங்கால்வரை தொங்கும் ராக்கெட் பை. எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. வாயெல்லாம் பல்லாக எழுந்து நின்றேன்.

"வாங்க, வாங்க. எந்த ஊர் ஆக்கள்?"

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்.

"புக்கிட் தெங்கா, அக்கா. பாலம் தாண்டி வர்றோம்."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பாழாய்ப்போன நாக்கு நிற்கவில்லை. "அதில்ல, சொந்த ஊர்?"

அவள் யோசித்தாள். "அப்பா எஸ்டேட்டுல இருந்தாரு. அது இப்ப இல்லக்கா, ஃபேக்டரி கட்டிட்டாங்க. அங்கதான் நான் வேலை செய்றேன்." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான் என்ன முகம் வைத்திருந்தேனோ, அவள் குரல் இறங்கிவிட்டது. "தப்பா சொல்லிட்டேனா அக்கா? இவ ரொம்ப ஆசைப்படுறா. சேத்துக்குவீங்கல்ல?"

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கெஞ்சினாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. யாழ்ப்பாணத்தை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். பிறந்தது இங்கே ஜார்ஜ்டவுனில், வளர்ந்தது ஜார்ஜ்டவுனில். எந்த வாயால் அவளிடம் சொந்த ஊர் கேட்டேன்?

மகளைச் சேர்த்துக்கொண்டோம். நன்றாக ஆடுகிறாள், தோற்றால் உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி கேட்டு ஆடுகிறாள். அவளைப் பார்த்து இன்னும் சில பிள்ளைகள் பாலம் தாண்டி வருகிறார்கள். கூடத்தை வாடகைக்கு விடும் பேச்சு அடங்கிவிட்டது. தாய் மட்டும் உள்ளே வருவதில்லை. வகுப்பு முடியும்வரை காருக்குப் பக்கத்திலேயே நிற்பாள்.

ஒருநாள் நல்ல மழை. குடையை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்ததோ, "உள்ள வந்து டீ குடிங்க லா."

"பரவால்லக்கா, இங்கயே இருக்கேன்," என்றாள். குத்தல் எதுவும் இல்லை, நல்ல மனதோடுதான் சொன்னாள். பிறகு ஜன்னலில் தெரிந்த எங்கள் கிழவர்களைக் காட்டினாள். "நீங்க போங்கக்கா, மழையில நிக்காதீங்க. உங்க ஆளுங்க தேடுவாங்க."

நானும் உள்ளே போய்விட்டேன்.